சாப்பிட்டதும் ஓடிய பையன்: ஒன்றாம் வகுப்பின் முதல் ஆண்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் உள்ள ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில், 2023-24ஆம் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையனைப் பற்றியது இந்த ஆய்வு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கு நான் ஆசிரியை. நாலையும் அஞ்சையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். பையனின் பெயரை எழுதவில்லை. இங்கே 'தம்பி' என்றே சொல்கிறேன். வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். ஊரைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

சிக்கல் இதுதான். தம்பி பள்ளிக்கு வருவான், ஆனால் தங்க மாட்டான். ஜூன் நடுவில் பள்ளி திறந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாலு நாளாவது மதியச் சாப்பாடு முடிந்ததும் காணாமல் போய்விடுவான். பை வகுப்பில் இருக்கும், தட்டு குழாயடியில் கிடக்கும், ஆள் வீட்டில் இருப்பான். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை போகிறது. அதில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும். அதனால் 'சின்னப் பிள்ளை, போகப்போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிட முடியவில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதாலும் ஓடினாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், பெரியவர்கள் நாம் ஏன் என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு உடனே ஒரு பதிலும் கிடைத்துவிடும். எப்போது, எந்த இடத்தில், எதற்கு அடுத்து என்று கேட்பதில்லை. இந்தப் பையன் விஷயத்தில் வழி காட்டியது அந்தக் கேள்விகள்தான். அவற்றைக் கேட்டிராவிட்டால் அந்த வருடம் முழுக்க அவனைத் தவறான காரணத்துக்காகத் தேற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

வீடு

தம்பியின் அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கிறார்கள். அப்பா சென்ட்ரிங், அம்மா சித்தாள். பென்னாகரம், ஏரியூர், நல்லம்பள்ளி பக்கம் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் துவரையும் போட்டு, மழை ஏமாற்றிவிட்டால், அடுத்த வழி ஓசூர் தாண்டிப் போகும் பஸ்தான். கைக்குழந்தையான தங்கச்சியை அவர்கள் கூடவே வைத்திருக்கிறார்கள். தம்பி அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் வளர்கிறான்.

ஆயாவுக்கு அறுபதை ஒட்டி வயது. சில வெள்ளாடுகள் வைத்திருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போவார், தை தாண்டினால் புளி தட்டுவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் இணைப்பு இல்லாததால் அதில் விறகு அடுக்கியிருக்கிறார்கள்.

தம்பி மூன்று வயதிலிருந்து ஊர்ப் பால்வாடிக்குப் போனவன். வீட்டை விட்டு வெளியே இருந்து பழகாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. இது முக்கியம். முதலில் இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆளுக்கொரு காரணம்

தலைமையாசிரியர் அப்பா அம்மா ஏக்கம் என்றார். சமையல் அக்கா, "அவங்க ஆயா செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கு" என்றார். ஆயாவோ, "வயித்துல பூச்சி இருக்குமாட்டம் இருக்குது டீச்சர், ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறான்" என்றார். படிப்பில் நாட்டம் இல்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது. தம்பி பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கும் ஊரில் ஒரு காரணம் தயாராக இருந்தது: "போர் தண்ணியக் குடிச்சா பல்லு கறை புடிக்கும்னு வூட்ல சொல்லி வச்சிருப்பாங்க."

இந்தக் கடைசிக் காரணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த பற்களோடு ஒரு தலைமுறையே இங்கே வளர்ந்திருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. எங்கள் பள்ளியில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்குவதற்குப் போர் தண்ணீர். குடிக்கும் குழாய் வேறு என்று தம்பிக்கு நன்றாகத் தெரியும். குழாயைக் காட்டிக் கேட்டபோது, "இது காவேரித் தண்ணி" என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டுக் குடிக்காமல் போனான்.

இப்படி ஒவ்வொரு காரணத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் எதையும் ஒதுக்கவும் முடியவில்லை, எதைக் கொண்டும் எதையும் சரிசெய்யவும் முடியவில்லை.

நேரத்தைக் குறித்தது

ஜூலையில் ஒரு நோட்டுப் போட்டேன். நாலு பத்தி: மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த இடம், அப்புறம் என்ன ஆனது. தம்பி அழுதாலோ, ஓடினாலோ, அடம்பிடித்தாலோ அன்றைக்கே குறித்துவிடுவேன். மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நீளமாக எழுத நேரம் கிடைக்காது. ஒரு வரி, இரண்டு வரிதான். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆடிப்பெருக்கு வந்தது. ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல்லுக்குப் போய்க் காவிரியில் தலை முழுக ஊரே கிளம்பும். பெங்களூருவில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். தம்பியின் பெற்றோரும் வந்தார்கள், இரண்டு நாள் இருந்தார்கள். விடிவதற்கு முன், அவன் தூங்கும்போதே கிளம்பிப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் முழுக்கக் காலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். உள்ளே வந்த பிறகும், "ஆயா வூட்லயே இருக்குமா டீச்சர்?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான்.

நோட்டைப் புரட்டியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. காலை அழுகையும் மதிய ஓட்டமும் ஒரே நாளில் வரவேண்டும் என்று இல்லை. கேட்டைப் பிடித்து அழுத நாளில் சாயங்காலம் வரை இருந்திருக்கிறான். சிரித்து விளையாடிய நாளில் ஓடியிருக்கிறான். ஓடும்போது அவன் முகத்தில் அழுகையே இருக்காது. அவசரம்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் அவன் ஒருநாளும் ஓடியதில்லை. காது குத்து விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மதியம் மேல் பள்ளிக்கு வந்த ஒரு நாளில், கடைசி மணி அடிக்கும் வரை அசையாமல் இருந்தான்.

ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், அன்றிலிருந்து மாநிலம் முழுக்க 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையிலேயே சுடச்சுடக் கிடைத்தது. வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே சோர்ந்து உட்காரும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். அந்தத் திட்டம் எங்கள் வகுப்பறைக்குச் செய்த நன்மையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் தம்பி அந்த வாரத்திலிருந்து காலையில் ஓட ஆரம்பித்தான். முதல் பாடவேளை தொடங்கி நான் திரும்புவதற்குள் ஆள் இருக்க மாட்டான். மதிய ஓட்டம் குறைந்துபோனது.

சாப்பாட்டு நேரம் மாறியதும் ஓட்டமும் அதன் பின்னாலேயே மாறிவிட்டது. ஏக்கம் என்றால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தா வரும்?

வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். இது உடம்பு தானாகச் செய்யும் வேலை. சின்னப் பிள்ளைகளிடம் நன்றாகவே தெரியும். சாப்பிட்ட அரை மணிக்குள் வெளிக்கு வருகிறது என்று பிள்ளை சொல்வதை எந்த அம்மாவும் அறிவார். முன்பெல்லாம் வீட்டில் கூழோ களியோ சாப்பிட்டு, கொல்லைக்குப் போய்விட்டு, அப்புறம்தான் தம்பி பள்ளிக்குக் கிளம்புவான். இப்போது காலை உணவுக்காகச் சீக்கிரம் கிளம்பி வருகிறான். சாப்பிடுவது பள்ளியில் என்பதால், வயிறு முட்டுவதும் பள்ளியில்தான்.

ஆயாவிடம் கேட்டது

இது பிடிபட்ட அன்று சாயங்காலம் தம்பியின் வீட்டுக்குப் போனேன். ஆயா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் ஸ்கூல்ல இருந்து ஓடி வந்தா, வந்ததும் முதல்ல என்ன செய்வான் பாட்டிம்மா?"

"என்ன செய்வான்? டவுசரக் கழட்டிப் போட்டுட்டுக் கொல்லைக்கு ஓடுவான். அப்புறம், 'ஆயா, கழுவி வுடு'ம்பான். கழுவி வுட்டா, ஆட்டுக்குட்டியோட வெளையாடப் போயிடுவான்."

"ஓடி வர்ற அன்னிக்கெல்லாம் இப்படித்தானா?"

"ஆமா டீச்சர். ஏன், என்னாச்சு?"

இதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பேரன் வெளிக்குப் போவதை டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த ஆயாவுக்குத் தோன்றும்? அவரைப் பொறுத்தவரை பேரன் தன்னைத் தேடி ஓடி வருகிறான். அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

பால்வாடி டீச்சரிடமும் விசாரித்தேன். அங்கே உதவியாளர் அம்மா பிள்ளைகளைக் கூட்டிப்போய், கால் கழுவிவிட்டுக் கூட்டி வருவார். "எங்கிட்ட இருந்தப்ப ஓடினதே இல்லியே" என்றார். மே மாதம் வரை கழுவிவிட ஆள் இருந்தது. ஜூன் மாதம் ஆள் இல்லை. நடுவில் இருந்தது கோடை விடுமுறை மட்டும். ஐந்து வயதில் பிள்ளையின் படிப்பு பால்வாடியிலிருந்து பள்ளிக்கு மாறுவதைப் பற்றிப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறோம். இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

தானே கழுவிக்கொள்வது ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுலபமான வேலை இல்லை. குந்தியபடி, கீழே விழாமல், ஒரு கையால் சொம்பைச் சாய்த்து, மறு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். இரண்டு கையும் இரண்டு வெவ்வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. எழுதுகோல் பிடிப்பதை விடக் கடினமான கைவேலை இது. எழுதுகோல் பிடிக்க மாதக்கணக்காகப் பழக்குகிறோம். இதைப் பழக்குவது இல்லை.

எங்கள் பள்ளிக் கழிப்பறை

மறுநாள் பிள்ளைகள் வரும் முன் ஆண் பிள்ளைகள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, தம்பி உயரத்துக்குக் குந்திப் பார்த்தேன். தினம் சுத்தம் செய்யும் இடம்தான், நாற்றம் அவ்வளவு இல்லை. ஆனால் கும்மிருட்டு. காற்றுக்கு விட்ட ஓட்டை கூரையை ஒட்டி இருந்ததால் வெளிச்சம் தரைக்கு வரவில்லை. இரும்புக் கதவு சாத்தும்போது தகரத்தில் அடித்தாற்போல் சத்தம் போட்டது. தாழ்ப்பாள் தம்பியின் தலைக்கு மேலே. பீங்கானில் கால் வைக்கும் இடங்கள் பெரியவர்கள் காலுக்கு அளவெடுத்தவை. அவன் காலை அகட்டி வைத்தால் குழி நேராகக் கீழே தெரியும். தண்ணீர் டிரம் அவன் நெஞ்சு உயரம். மக்கு உள்ளே மிதக்கும், தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அவன் கைக்கு எட்டாது.

திறந்த கொல்லையில், வெளிச்சத்தில், ஆயா பக்கத்தில் நிற்கப் பழகிய பிள்ளை இதற்குள் தனியாகப் போக வேண்டும். போய் முடித்தாலும் கழுவத் தெரியாது. கேட்கவும் வெட்கம். வகுப்பில் இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் முன்னால், "கழுவி விடுங்க டீச்சர்" என்று எப்படிச் சொல்வான்? அவன் கண்டுபிடித்த வழி தெளிவானது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஒண்ணுக்குப் போக வேண்டாம். ரெண்டுக்கு வந்தால் ஓடிவிடலாம். தண்ணீர் குடிக்காததற்கும் ஃபுளோரைடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செப்டம்பரில் பள்ளி நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வந்தது. தம்பியைத் தனியாகக் காட்டினேன். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து மலம் இறுகிக் கிடக்கிறது என்றார். அடக்கினால் இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும். இப்படியே போனால் தன்னை அறியாமல் உடுப்பில் கசியவும் ஆரம்பிக்கும், அதைச் சோம்பல் என்று அடிக்கும் பெற்றோரும் உண்டு என்றார். தண்ணீர், கீரை, பழம் கொடுக்கச் சொன்னார். கொய்யாவும் பப்பாளியும் ஊரிலேயே கிடைக்கிறது. பூச்சி மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போனார், ஆயாவுக்கும் நிம்மதி.

செய்த வேலை

தம்பிக்கு மட்டும் என்று தனியாக எதுவும் செய்யவில்லை. அப்படிச் செய்தால் அவனுக்கு அது ஒரு பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். வகுப்பு முழுமைக்குமாக வைத்தோம். காலை உணவுக்கு அப்புறம் ஒரு நேரம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நேரம், இரண்டு இரண்டு பேராகப் போவது. வருகிறதோ இல்லையோ, போய்ப் பார்த்துவிட்டு வருவது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். கதவைச் சாத்த வேண்டாம், பாதி வரை ஒரு திரை போதும் என்று முடிவு செய்தோம். டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சின்ன வாளி, அதில் ஒரு சின்னச் சொம்பு. பிடியுள்ள மக்கை விட, ஆயா வீட்டில் புழங்கும் சொம்பு தம்பியின் கைக்கு நன்றாக அடங்கியது.

இருட்டுக்குத்தான் பணம் தேவைப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எடுத்துச் சொன்னார். பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்று விதி இருப்பதால் யாரும் மறுக்கவில்லை. கூரைத் தகடு ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் வெளிச்சம் விடும் ஃபைபர் தகடு போட்டார்கள். ஒரு நாள் வேலை. அதே கூட்டத்தில் இருந்த அம்மாக்கள் இரண்டு மூன்று பேர், "எம்புள்ளயும் வூட்டுக்கு வந்துதான் டீச்சர் ஓடும்" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

கழுவப் பழக்கியது ஆயா. காலாண்டு விடுமுறையில் அதை அவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். முதலில் தண்ணீர் ஊற்றுவது ஆயா, கழுவுவது அவன். அப்புறம் ஊற்றுவதும் அவன், பக்கத்தில் நிற்பது மட்டும் ஆயா. கடைசியில் ஆயா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஆச்சா?" என்று கேட்பதோடு சரி. எந்தப் பயிற்சிக் கையேடும் படிக்காமல், படிப்படியாகக் கையை விலக்கிக்கொண்டார். விடுமுறை முடிந்து வந்தவன் முதல் வாரத்தில் இரண்டு முறை ஓடினான். அடுத்த வாரம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான், அப்புறம் சொம்பை எடுத்துக்கொண்டு போனான். வெளியே வந்தபோது கை கால் சட்டை எல்லாம் ஈரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் துடைத்துவிட்டேன். தீபாவளிக்குள் ஓட்டம் நின்றுவிட்டது. தண்ணீரும் குடிக்க ஆரம்பித்தான்.

காலை அழுகை

இது வேறு சிக்கல், வேறு வழியில் தீர வேண்டியது. கழிப்பறையைச் சரிசெய்ததால் இது குறையவில்லை.

பெற்றோர் தூங்கும்போது கிளம்பிப் போவது கல்நெஞ்சால் இல்லை. பிள்ளை அழுவதைப் பார்த்தால் காலெடுத்து வைக்க முடியாது என்பதால்தான். "அழுதா எனக்குப் போக மனசு வராது டீச்சர், அதான் சொல்லாமப் போயிடறோம்" என்று போனில் அம்மா அழுதார். பிள்ளையின் பக்கம் இருந்து பார்த்தால் நிலைமை வேறு. படுக்கும்போது இருந்தவர்கள் எழும்போது இல்லை. அப்படியானால் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஆயாவும் இல்லாமல் போகலாம். "ஆயா வூட்லயே இருக்குமா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டதற்குப் பொருள் அதுதான். ஜான் பவுல்பி தொடங்கிப் பிள்ளை-பெற்றோர் பிணைப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் இதைத்தான்: தன் ஆள் எங்கே இருக்கிறார், தேவைப்பட்டால் கிடைப்பாரா என்பது உறுதியாகத் தெரிந்த பிள்ளைதான் புதிய இடத்தில் கைகாலை நீட்டிப் பார்க்கும். அந்த உறுதி இல்லாத பிள்ளைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதே முழுநேர வேலை.

அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. நவம்பர் 12 தீபாவளிக்கு வந்தவர்கள், கிளம்பும்போது அவனையும் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஏறும்போது தம்பி தரையில் விழுந்து புரண்டு அழுதிருக்கிறான். ஆயா தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எனக்கும் பகீரென்றுதான் இருந்தது. மறுநாள் முகம் வீங்கித்தான் வந்தான், ஆனால் கேட்டில் நிற்கவில்லை. "எங்கம்மா பொங்கலுக்கு வரும்" என்று உள்ளே வந்ததும் சொன்னான். சுவரில் தேதித்தாள் மாட்டியிருக்கும் இடத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் தாள் கிழிப்பது அவன் வேலை.

ஆயாவும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் விடும்போது அன்றைக்கு எங்கே இருப்பார் என்று சொல்லிவிட்டுப் போவார். "ஏரிக்கரைல ஆடு மேய்ச்சிட்டு இருப்பேன் சாமி, நாலு மணிக்கு வூட்டுக்கு வந்துருவேன்." ஒரு நாள் வேறு இடம் போக வேண்டியிருந்தபோது, பள்ளி வேலியோரம் வந்து கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார். இந்த நேர்மைக்கு நான் என்ன மரியாதை செய்தாலும் போதாது.

படிப்பு

எங்கள் வகுப்பு 'எண்ணும் எழுத்தும்' முறையில் நடக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய இந்த முறையில் வயதைப் பார்க்காமல் பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். முதல் பருவத்தில் தம்பி எல்லாவற்றிலும் அரும்பு. ஒன்றாம் வகுப்பில் அது இயல்பு. ஆனால் கணக்கில் மற்றப் பிள்ளைகளை விடவும் பின்னால் இருந்தான், ஐந்துக்கு மேல் எண்ணிக் காட்டியதே இல்லை. கணக்கு வராத பிள்ளை என்று நினைக்க எல்லா ஆதாரமும் மதிப்பீட்டில் இருந்தது.

எங்கள் அட்டவணையில் கணக்கு மதியம். காலை உணவு வரும் வரை அவன் ஓடிப்போனதும் மதியம்.

ஓட்டம் நின்ற பிறகு, நவம்பர் கடைசியில் ஒரு நாள், எண்ணுவதற்குப் புளியங்கொட்டைகளைப் பரப்பியிருந்தேன். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு கைப்பிடி அள்ளி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, இரண்டு இரண்டாகத் தள்ளினான். சடசடவென்று தள்ளி முடித்து, கடைசியில் ஒன்று மிஞ்ச, "ஒத்த" என்றான். இன்னொரு கைப்பிடி வைத்தேன். தள்ளினான். "ரெட்ட." எத்தனை என்று கேட்டதற்கு, "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னண்டு, பதினாலு" என்று நிறுத்தாமல் சொன்னான்.

புளி தட்டும் நாட்களில் ஆயாவும் அவனும் விளையாடும் ஒத்தையா ரெட்டையா. கையில் மறைத்து வைத்ததை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்ல வேண்டும், பிறகு ஜோடி ஜோடியாகப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் திணறும் இரண்டு இரண்டாகத் தாவி எண்ணுவதை இவன் எழுத்தில் எண்ணைப் பார்க்கும் முன்பே கையில் வைத்திருந்தான். அடுத்த சில வாரங்கள் வகுப்பு முழுக்க அந்த விளையாட்டுத்தான். தம்பிதான் நடுவர். அதுவரை வாசலை ஒட்டியே உட்கார்ந்தவன், கொட்டைகளைக் காவல் காக்க வேண்டி அறையின் நடுவுக்கு வந்தான்.

தமிழ் அவ்வளவு வேகமாக வரவில்லை. ஆண்டு முடிவில் படம், மரம், பட்டம் போன்ற சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்தான். தன் பெயரை எழுதினான். பாட்டுக்கு எழுந்து நின்று ஆடச் சொன்னால் இன்றைக்கும் தூணோடு ஒட்டிக்கொள்வான். அதை நான் வற்புறுத்தவில்லை. ஆடாத பிள்ளைகளும் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில் அவன் எல்லாப் பாட்டும் பாடுகிறான் என்று ஆயா சொல்லித்தான் தெரிந்தது.

மோட்டார் எரிந்த வாரம்

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் போர் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டிக் கொண்டுவரும் வரை இரண்டு நாள் புழங்கத் தண்ணீர் இல்லை. மதியம் சாப்பாடு முடிந்ததும் தம்பி ஓடினான். அவன் மட்டும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் மொத்தம் ஏழு பேர், அதில் இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். ஓடாத ஒரு பெண் பிள்ளை சாயங்காலம் வரை காலைப் பின்னிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாடம் கேட்டால் பதில் இல்லை. அவள் எப்போதும் அமைதியான பிள்ளை, தொந்தரவு தராதவள், நல்ல பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுடைய அம்மாவிடம் விசாரித்தபோது, அவளும் ஜூன் மாதத்திலிருந்தே பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது.

ஓடுகிற பிள்ளையை எல்லோரும் கவனிக்கிறோம், சாலையில் லாரி இருக்கிறது என்பதால். உட்கார்ந்து அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் எதையும் கற்பதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு முழு வருகை. அவளுக்காக ஒரு நோட்டுப் போட யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த வாரமே குழுவில் பேசி, அவசரத்துக்கு ஒரு டிரம் தண்ணீர் எப்போதும் நிரப்பி வைப்பது என்று முடிவானது. பெண் பிள்ளைகள் பக்கத்துக் கூரைக்கும் வெளிச்சத் தகடு போட்டாயிற்று. தாழ்ப்பாளைக் கீழே இறக்குவது மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

சேர்க்கையின்போது பிறந்த தேதி, ஆதார், தடுப்பூசி எல்லாம் கேட்கிறோம். இப்போது அதோடு வீட்டாரிடம் வாயால் சில கேள்விகளும் கேட்கிறேன். பிள்ளை எங்கே வெளிக்குப் போய்ப் பழகியது? யார் கழுவி விடுகிறார்கள்? ஒண்ணுக்கு வந்தால் என்ன சொல்லும்? அப்பா அம்மா வெளியூரில் இருந்தால் எப்போது வருவார்கள், போகும்போது சொல்லிவிட்டுப் போவார்களா? மே மாதத்தில் கேட்டுவிட்டால், பள்ளி திறக்கும் முன் வீட்டிலேயே கழுவப் பழக்க ஒரு மாதம் கிடைக்கிறது. 2024 ஜூனில் சேர்ந்த ஒரு பையனின் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டதும், "நீங்க கேட்டீங்களேன்னு சொல்றேன் டீச்சர், அவங்க அம்மா தூக்கிப் புடிச்சாத்தான் போவான்" என்றார். அவனுக்கு முதல் வாரத்திலிருந்தே சொம்பும் வாளியும் காட்டிப் பழக்கினோம். காட்டியது தம்பிதான், இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டான்.